திரையிற் கண்ட துப்பாக்கியும் கண்டி மலைத் துவக்கும்

ஆழ்ந்த பள்ளத்தாக்கொன்றின் மேலே கயிற்றுப் பாலமொன்று அறுந்து தொங்குகின்றது. ஒரு கரையில் நரபலியிடுங் கொடியோர் கூட்டத்தினர் வில்லேந்தி நின்று அம்புமாரி பொழிகின்றனர். மறு கரையிற் கதைத்தலைவன் பாலத்தின் எச்சத்தைப் பற்றியவாறு உயிருக்குப் போராடுகின்றான். அவ்வேளையிற் பிரித்தானிய இந்தியப் படையினர் துப்பாக்கிகளோடு தோன்றுகின்றனர். வெடியோசை எழுகின்றது, வில்லாளர் வீழ்கின்றனர், நல்லோர் பிழைக்கின்றனர். 1984ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒவ் டூம்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் இறுதிக் காட்சி இது. கதையின்படி நிகழிடம் இந்தியா, ஆண்டு 1935. ஆனால் அப் பாலம் கட்டப்பட்ட பள்ளத்தாக்கு மகாவலி கங்கையினுடையது. அக் கதையிலே குழந்தைகளைப் பறிகொடுத்துக் கண்ணீர் வடிக்கும் மாயாபூர் என்னுங் கிராமம், கண்டி நகருக்கு மேலேயுள்ள ஹந்தானை மலைச்சாரலில் எழுப்பப்பட்ட குடிசைகளின் தொகுதியாகும். அக் கிராமத்தவர் வாயினின்று வருவதும் இந்திய மொழியொன்றன்று, சிங்களமே.

இப்படம் வீரசாகசக் கதையெனப் பெயர் பெற்றதாயினும், அச்சமும் அருவருப்பும் மிகுந்த திகிற்படமாகவே பலராற் கருதப்பட்டது. உயிரோடிருக்கும் மனிதனின் மார்பைப் பிளந்து இதயத்தைக் கையாற் பறிக்குங் காட்சி அதிலுண்டு. அக் காட்சியும், அவ்வாண்டில் வெளிவந்த வேறொரு படமும் கிளப்பிய கண்டனத்தாலேயே, பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் தொடர்பான புதிய தணிக்கை வகுப்பொன்று 1984 யூலையில் அமெரிக்காவில் ஏற்படுத்தப்பட்டது. காளிதேவியை நரபலி வேண்டும் பேயாகக் காட்டிய குற்றம் சைவ மக்களுக்குச் சிறிதன்று. இந்திய அரசும் கதையமைப்பிலே திருத்தங்கள் கோரியது. படத்தயாரிப்பாளர் இசையாது இலங்கையை நாடி வந்தனர். இவையெல்லாம் பலரும் பேசிய செய்திகள். பேசப்படாத செய்தி அந்த இறுதிக் காட்சியின் வெடியோசையிலே பொதிந்துள்ளது. மலைவாழ் மக்கள் வில்லும் அம்பும் உடையோர். துப்பாக்கி வெள்ளையர் கைக்குரியது. அது அபலைகளைக் காக்க வருவது என்பதே காண்போர் மனத்தில் அக் காட்சி பதிக்கும் எண்ணம். கதை புனைவாக இருக்கலாம், நிலம் புனைவன்று. இந்த மலைகளிலே துப்பாக்கியின் வரலாறு மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்டது. அவ்வரலாறு திரையிற் கண்டதற்கு ஏறக்குறைய நேர்மாறானது.

இலங்கைத் தமிழர் பேச்சு வழக்கிலே துப்பாக்கிக்குத் ‘துவக்கு’ என்பது பெயர். சிங்களத்தில் ‘துவக்குவ’ என்பர். இவையும் துப்பாக்கி என்னுஞ் சொல்லும் துருக்கி, பாரசீகம் முதலிய மேலைமொழிச் சொல்லொன்றன் வழிவந்தவை என மொழிநூலார் கொள்வர். போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டளவிற் கொழும்பிலே கரையேறியபோது அவர்தம் பீரங்கியின் முழக்கங் கேட்டு மக்கள் வியந்து கோட்டை அரசனுக்கு முறையிட்ட செய்தியை இராசாவளி என்னுஞ் சிங்கள நூல் கூறும். அக்காலத்திற் கரையோர மக்களுக்கு இப்படைக்கலம் புதுமையாகத் தோன்றியது என்பதில் ஐயமில்லை. ஆயின் அப் புதுமை ஒரு நூற்றாண்டுகூட நீடிக்கவில்லை. போர்த்துக்கேயர் பக்கத்து வரலாற்றாசிரியராகிய டியோகோ டோ கூத்தோ என்பார், தம்மவர் வந்த காலத்தில் இத்தீவில் ஒரு துவக்குத்தானும் இருந்ததில்லை என்றும், இடையறாத போரே இந்நாட்டவரை இத்துறையில் வல்லவராக்கியது என்றும், பின்னர் அவர் வார்த்த பீரங்கியும் செய்த துவக்கும் போர்த்துக்கேயருடையவற்றிலும் சிறந்தன என்றும் எழுதியுள்ளார். பகைவன் தரும் நற்சான்றுக்கு மதிப்பு மிகுதி. தம் தோல்விகளுக்குச் சமாதானம் கூறும் நோக்கமும் அவர் சொல்லில் ஓரளவு கலந்திருத்தல் கூடும். எனினும் நூதனசாலைகளில் எஞ்சியுள்ள துவக்குகள் அவர் கூற்றை மெய்ப்பிக்கின்றன.

அத் துவக்குகளை உற்று நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவது, தீமூட்டும் பூட்டு குழலின் இடப்பக்கத்தே அமைந்திருத்தலாகும். ஐரோப்பியத் துவக்குகளில் அது வலப்பக்கத்தது. அடிக்கட்டை இரண்டாகப் பிளவுபட்டுச் சுருண்டு முடிவதும் இலங்கைத் துவக்கின் தனியடையாளம். தந்தத் தகடு, வெள்ளிப் பதிப்பு, கொடிக்கருக்கு வேலைப்பாடு முதலியன கட்டையெங்கும் பரந்திருக்கும். கொல்லனும் தச்சனும் தட்டானும் ஒருங்கிருந்து செய்த பொருள் அது. அரசனுக்குரிய நான்கு பட்டறைகளைச் சேர்ந்த கம்மியர் மானியமாகப் பெற்ற நிலத்தை உழுதுண்டு அதற்கீடாகத் தம் கைவினையை அரண்மனைக்கு அளித்தனர். ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலில் இக் கம்மியர் மரபும் முறையும் விரித்துரைக்கப்பட்டுள்ளன. முத்துக்குமாரசுவாமி முதலியாரின் மைந்தராகிய அவர், கனிப்பொருள் ஆய்வுப் பணிக்காக ஊரூராகச் சென்ற காலத்தில் இரும்புருக்கும் பழைய உலைகள் சிலவற்றைக் கண்ணாரக் கண்டு எழுதினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் சென்றபோது அவ்வுலைகள் அணையும் நிலையில் இருந்தன. பின்வந்த பி. ஈ. பி. தெரணியகல, சிங்களப் படைக்கலங்களையும் கவசங்களையும் பற்றி 1942இல் எழுதிய ஆராய்ச்சியும் இத்துறையிற் பயில்வார்க்கு இன்றியமையாதது.

துவக்கு இருந்தாற் போதாது; மருந்து வேண்டும். வெடிமருந்தின் மூன்று உறுப்புகளாவன வெடியுப்பு, கந்தகம், கரி. கரி எங்குங் கிடைப்பது. கந்தகம் பெரும்பாலும் கடல் கடந்து வரவேண்டியது. வெடியுப்போ கண்டி மலைகளின் குகைகளிலேயே விளைந்தது. வௌவால் எச்சம் ஊறிய குகைமண்ணை வெட்டியெடுத்து, விறகுச் சாம்பலோடு கலந்து, நீரூற்றி வடித்து, வடிநீரைக் காய்ச்சினால் உப்புப் படிகம் தோன்றும். ஆங்கிலப் படை மருத்துவராக 1816 முதல் 1820 வரை இலங்கையிலிருந்த யோன் டேவி இம்முறையை நேரிற் கண்டு தம் நூலில் எழுதினார். தும்பறைக்கு அப்பால், நக்கிள்ஸ் மலைத்தொடரில், மீமுரைக்கு அணித்தாயுள்ள வெடியுப்புக் குகை அவர் வருணித்தவற்றுள் ஒன்று. மழைக்காலத்தில் அட்டை மலிந்த காட்டுவழியே அத்தகைய குகையை அடைந்து, பந்த வெளிச்சத்தில் மண்வெட்டி, உப்பெடுத்த குடியானவரின் உழைப்பு எந்த அரசனுடைய மெய்க்கீர்த்தியிலும் இடம்பெறவில்லை. கடற்கரைத் துறைகள் அனைத்தும் அந்நியர் கைப்பட்ட பின்னரும் கண்டி தனித்து நின்றமைக்கு மலையுங் காடும் மாத்திரம் காரணமல்ல. தனக்கு வேண்டிய இரும்பையும் வெடியுப்பையும் தன் மண்ணிலேயே பெற்றமையும் ஒரு காரணமென்று கொள்ளுதல் தகும்.

பழைய துவக்கின் இயல்பை அறியாதார் அக்காலப் போரை அறிதல் அரிது. திரித்துவக்கைச் சுடுபவன், எரியுந் திரியொன்றை எந்நேரமுங் காத்தல் வேண்டும். இரவில் அதன் கனல் அவன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும்; மழையில் அது அணைந்துவிடும். ஒருமுறை சுட்டபின் மருந்திட்டுக் குண்டிட்டு இடித்து மீண்டுஞ் சுடுவதற்குள் பகைவன் பல அடி நெருங்கிவிடுவான். சமவெளியில் அணிவகுத்து ஒருவர் பின் ஒருவராகச் சுடும் ஐரோப்பிய முறை இக்குறையை ஈடுசெய்தது. மலைப்பாதையிலே அணிவகுத்தல் இயலுமோ? ஒற்றையடிப் பாதையில் நீண்ட சங்கிலியாகச் செல்லும் படையை, மேலுள்ள மரச்செறிவில் மறைந்திருந்து ஒருவன் சுட்டு, அடுத்த பாறைக்குப் பின்னே ஒதுங்கி மருந்திட்டு மீண்டுஞ் சுடலாம். கண்டியர் கையாண்ட முறை இதுவே. நீரோட்டத்தைத் தடுத்தல், மரத்தை வெட்டி வழியை அடைத்தல், சுமைகாரரை முதலிற் கலைத்தல் ஆகியன இதற்குத் துணை. ‘கொடித்துவக்கு’ எனப்பட்ட சிறு பீரங்கியும் இந்நிலத்துக்கென்றே பிறந்தது போலும். மூன்று மரக்கால்களில் நிற்கும் அதனை ஆட்கள் தூக்கிக்கொண்டு எந்தக் குன்றிலும் ஏறலாம். ஆங்கிலேயர் அதன் தோற்றத்தைக் கண்டு வெட்டுக்கிளிப் பீரங்கி என நகையாடினர். அதன் குண்டை ஏற்றவர் நகையாடியிரார். இன்றும் சிங்களக் குடும்பங்கள் சிலவற்றின் பெயராகக் கொடித்துவக்கு என்பது வழங்கி வருகின்றது.

இம்முறையின் பயனைப் போர்த்துக்கேயர் மும்முறை அழிந்து கற்றனர். 1594இல் தளபதி பேதுரு லோப்பஸ் டி சூசா தந்துறையில் தன் படையோடு ஒழிந்தான். 1630இல் கொன்ஸ்தந்தீனோ டி சா டி நொறொஞ்ஞா ஊவாவிலிருந்து மீளுங்கால் ரந்தெனிவெலையிற் சூழப்பட்டான். அவனுடைய உள்நாட்டுப் படையினர் கட்சி மாறியதும், பெருமழையில் திரியும் மருந்தும் நனைந்து பயனற்றதும் ஒருங்கே நேர்ந்தன எனப் போர்த்துக்கேய நூலோர் கூறுவர். மூன்றாவது போர் கண்டி நகரின் வாயிலிலேயே நிகழ்ந்தது. டியோகோ டி மெலோ என்னும் தளபதி கண்டியினுட் புகுந்தபோது நகர் வெறுமையாயிருந்தது. அரசன் இரண்டாம் இராசசிங்கன் மக்களையும் பொருளையும் முன்னரே அகற்றியிருந்தான். எரியூட்டிவிட்டுத் திரும்பிய படை, பேராதனைக்கு எதிர்க்கரையிலுள்ள கன்னொறுவையில், நீருமின்றி வழியுமின்றி முற்றுகைப்பட்டது. 1638 மார்ச்சு 28ஆம் நாள் அப்படை ஒழிந்தது. தப்பியோர் மிகச் சிலர். பேராதனைப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் செல்லும் மாணவரிற் பலர், போர்த்துக்கேயப் படையொன்று முற்றாக அழிந்த களத்தைப் பேருந்தின் பலகணியூடே பார்த்துச் செல்கின்றனர் என்பதை அறியார். ஒல்லாந்தர் காலத்துக் கைதியாக 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் வாழ்ந்த றோபேட் நொக்ஸ், வாள், ஈட்டி, வில் என்பவற்றோடு துவக்கையும் அரசனுடைய வீரரின் இயல்பான படைக்கலமாகவே குறிப்பிடுகின்றான். வில்லும் அம்பும் மாத்திரம் தாங்கிய மலைநாட்டார் என்னுந் தோற்றம் முந்நூறாண்டுகளுக்கு முன்னரே பொய்யாகிவிட்டது.

போர்க்கலம் கலைப்பொருளாகவும் முடியாட்சியின் சின்னமாகவும் வளர்ந்தமைக்குச் சான்று லேவுக்கே திசாவையின் பீரங்கி. ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமுடைய இவ் வெண்கலப் பீரங்கி பொன், வெள்ளி, மாணிக்கம் என்பவற்றால் அணிசெய்யப்பட்டது. சூரியன், பிறை, சிங்கம் ஆகிய கண்டியரசின் சின்னங்கள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. லேவுக்கே திசாவை அதனை அரசன் ஸ்ரீ விசய இராசசிங்கனுக்கு 1745ஆம் ஆண்டளவிற் காணிக்கையாக அளித்தான். அவ்வரசன் கண்டியின் சிம்மாசனத்தில் அமர்ந்த முதல் நாயக்க மன்னன். மதுரை நாயக்கர் வழித்தொடர்பினன். சிங்களக் கம்மியர் திறமும் தென்னாட்டிலிருந்து வந்த அரசகுலமும் ஒரே பொருளிற் சந்தித்தன. கண்டியின் பண்பாட்டை ஓரினத்தார்க்கே உரியதென வேலியிடுவார் இதனைச் சிந்தித்தல் நன்று. 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி லுபேட் யான் வான் எக் பெரும்படையோடு கண்டியுட் புகுந்தான். அரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் முன்னோர் வழியைப் பின்பற்றி நகரை விட்டு அகன்றிருந்தான். அரண்மனை சூறையாடப்பட்டது. வான் எக் கொழும்புக்கு மீண்டு அவ்வாண்டிலேயே இறந்தான். பீரங்கியோ கடல் கடந்து ஒல்லாந்து இளவரசனின் அரும்பொருட் கூடத்தை அடைந்து, பின்னர் அம்ஸ்ரடாம் நகரத்துத் தேசிய நூதனசாலையின் பொருளாயிற்று.

ஆங்கிலேயர் முதன்முறை கண்டியிற் கால்வைத்த 1803ஆம் ஆண்டும் பழைய பாடத்தையே கற்பித்தது. பெப்ரவரியில் வெறுமையான நகரைப் பிடித்து, முத்துச்சாமி என்பானை அரசனாக்கி, மேசர் டேவியின் கீழ்க் காவற்படையொன்றை விட்டுச் சென்றனர். நோயும் பசியும் அப் படையை அரித்தன. யூன் மாதத்தில் டேவி சரணடைந்து வெளியேறினான். வெள்ளம் பெருகிய மகாவலியைக் கடக்க மாட்டாமல் வட்டப்புளுவைக் கரையில் அவன் படை அழிந்தது. முத்துச்சாமியும் கொல்லப்பட்டான். சரணடைந்தாரைக் கொன்றமை எவ்வாற்றானும் பாராட்டத்தக்கதன்று. கண்டியின் துவக்கைப் போற்றுவோர் இக் கறையை மறைத்தல் ஆகாது. அவ்வாண்டு செப்தெம்பரிற் கண்டியர் ஹங்வெல்லையைத் தாக்கியபோது, ஆங்கிலேயரிடம் பறித்த பீரங்கிகளையே கொண்டுசென்றனர். ஆனால் காவலுள்ள அரணைத் திறந்த வெளியில் தாக்குதல் அவர்தம் முறையன்று, தோற்று மீண்டனர். மலையில் வெல்பவன் வெளியில் வெல்வதில்லை.

1815 மார்ச்சு 2ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையால் கண்டியரசு முடிந்தது. அந்த முடிவு துவக்கினால் வந்ததன்று; அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே மூண்ட பகையால் வந்தது. 1817–18இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், பயிரையும் வீட்டையும் அழித்ததோடு குடிகளின் படைக்கலங்களையும் பறித்தனர். பட்டறைகளுக்கு அரசன் இல்லை. துவக்கு செய்தவன் மண்வெட்டிக்கும் கத்திக்கும் இறங்கினான். எஞ்சிய துவக்கு குடியானவனின் சேனையிலே காட்டுப்பன்றியை விரட்டும் கருவியாயிற்று.

அந்தக் கருவிக்கும் 1848இல் வரி வந்தது. தேசாதிபதி டொரிங்டன் பிரபு விதித்த புதிய வரிகளுள் துவக்கு வரி ஒன்று; துவக்கொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு சிலிங் ஆறு பென்சு. நாய்க்கு ஒரு சிலிங். கடைக்கு ஒரு பவுண். இவற்றோடு ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை, அன்றேல் அதற்கீடாக மூன்று சிலிங். தொகை சிறிதெனத் தோன்றலாம். காசு காணாத சேனைக் குடியானவனுக்கு அது பெரிது. மேலும் பன்றியையும் யானையையும் விரட்டத் துவக்கு இல்லையேல் விளைச்சல் இல்லை. ஆதலின் அந்த வரி துவக்கின்மேல் விதித்ததன்று, உணவின்மேல் விதித்ததே. பாட்டன் வைத்துச்சென்ற துவக்கை அரசாங்க ஏட்டிற் பதியவேண்டும் என்பதும், பதிந்தபின் அது தன்னுடையதோ அரசினுடையதோ என்னும் ஐயமும் பணத்தினும் மிகுதியாக மக்களை வருத்தியிருத்தல் வேண்டும். யூலை மாதத்திற் கண்டிக் கச்சேரியின் முன்னே மக்கள் திரண்டனர். மாதமுடிவில் மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. இராணுவச் சட்டம் பிறந்தது. மக்களிற் சுமார் இருநூறு பேர் உயிரிழந்தனர். அரச படையினரில் ஒருவர்தானும் இறந்ததில்லை. கன்னொறுவை வீரரின் வழித்தோன்றல்கள் இருநூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் எந்நிலை எய்தினர் என்பதற்கு வேறு கணக்கு வேண்டா.

கிளர்ச்சித் தலைவருள் ஒருவனான புரன் அப்பு 1848 ஓகஸ்து 8ஆம் நாள் கண்டிப் போகம்பறையில் நிறுத்திச் சுடப்பட்டான். அதே மாதத்தில் குடாப்பொல தேரர் என்னும் பிக்கு காவியுடையோடு சுடப்பட்டார். இச் செய்தி இலண்டன் பாராளுமன்றம் வரை சென்று விசாரணையாயிற்று, டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டான். கண்டி மலைகளிலே பிரித்தானியத் துப்பாக்கி அணிவகுத்து நின்று வெடித்த உண்மைக் காட்சி இதுவாகும். அணையிட்டு நிறுத்திய அபலையைக் காக்க அது வெடிக்கவில்லை.

இன்னொரு வெடியோசை தமிழ் வாசகர்க்கு மேலும் அணித்தானது. திரைக்கதை நிகழ்வதாகக் கூறப்படும் 1935இலிருந்து ஐந்தாண்டு கழித்து, 1940 சனவரி 10ஆம் நாள், கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், கூலியுயர்வும் சங்கவுரிமையும் வேண்டி வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டனர். கோவிந்தன் என்னும் தோட்டத் தொழிலாளி உயிர் துறந்தான். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. இறந்தவன் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். மலையகத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாறு எழுதுவோர் கோவிந்தன் பெயரிலிருந்தே தொடங்குவர். முல்லோயாவின் தேயிலைச் சரிவும், மாயாபூர்க் குடிசைகள் நின்ற ஹந்தானையின் தேயிலைச் சரிவும் ஒரே மலைநாட்டின் இரு பக்கங்கள். இவ்விரு சரிவுகளையும் வளமாக்கியவர் ஒரே மக்கள்.

இத்துணை வெடியோசை கேட்ட மலைக்கே 1983 ஏப்ரல் 18ஆம் நாள் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் படக்குழு வந்து வேலை தொடங்கியது. விக்டோரியா அணைக்கட்டு அப்பொழுது பிரித்தானிய உதவியோடு எழுந்துகொண்டிருந்தது. அதன் பொறியியலாளரே பள்ளத்தாக்கின் குறுக்கே கயிற்றுப் பாலத்தை அமைத்துக் கொடுத்தனர். அறுந்து விழும் பாலத்திற் கைகால் உதறும் மனிதராகத் தோன்றியவை இயந்திரப் பொம்மைகள். கிராமத்துப் பூசாரியாக நடித்தவர் சிங்களத் திரையுலகின் மூத்த நடிகர் டி. ஆர். நாணயக்கார. அவர் ஆங்கிலம் அறியாதவர். நெறியாளர் திரைக்கு வெளியே நின்று சொல்லச் சொல்ல அவ்வொலிகளையே திருப்பிச் சொன்னார். அந்தத் தயக்கமே அப்பாத்திரத்துக்குக் கம்பீரமாயமைந்தது என்பர். மலையின் குரல் என உலகெங்குங் கேட்டது இன்னொருவர் ஊட்டிய சொல்லே.

படத்திலே துப்பாக்கிக்கு அளித்துள்ள இடம் கூர்ந்து நோக்கத்தக்கது. தொடக்கத்தில் ஷாங்காய் நகரத்து ஓட்டத்திலே கதைத்தலைவனின் கைத்துப்பாக்கி காரின் வெளியே விழுந்து போகின்றது. பின்னர் வாளேந்திய இருவர் எதிர்ப்படுகையில் அவன் கை இடையுறையைத் துழாவி வெறுமை கண்டு திகைக்கின்றது. முந்திய படத்தில் வாள்வீரன் ஒருவனை எளிதிற் சுட்டுத் தள்ளிய காட்சியை நினைத்து அவையோர் சிரிக்கின்றனர். ஆகவே படத்தின் பெரும்பகுதியில் வீரன் சாட்டையோடும் வெறுங்கையோடும் போராடுகின்றான். பேரச்சம் தோன்றுதற்கு இது வேண்டுவதே. கையிலே துப்பாக்கியுள்ளவனைக் கண்டு அவையோர் அஞ்சமாட்டார். திகிற்கதை எழுதுவார் யாவரும் இந்நுட்பத்தை அறிவர். ஆனால் இழந்த துப்பாக்கி இறுதியில் எவர் கையில் மீளுகின்றது? பிள்ளைகளைப் பறிகொடுத்த கிராமத்தார் கையில் அன்று. சுரங்கத்திலிருந்து விடுபட்ட சிறுவர் கையிலும் அன்று. துரைத்தனத்தின் படையிடத்தே மீளுகின்றது. கலைநுட்பத்தாற் கட்டிய அச்சத்தை ஆட்சியின் புகழாக மாற்றும் இடம் இதுவேயாகும். திரையில் வெடிக்கும் தோட்டாவில் ஈயக்குண்டு இல்லை. புகையும் ஓசையுமே உண்டு. எனினும் உலகின் பல கோடிப் பேர் இந்த மலைகளைக் கண்டது அந்தப் புகையினூடேதான். அவர்களிற் கன்னொறுவையைக் கேட்டறிந்தோர் எத்தனை பேர் இருப்பர்?

மே மாதம் 5ஆம் நாளளவிற் படக்குழு இங்கிலாந்தின் எல்ஸ்றீ படமனைக்குச் சென்றுவிட்டது. மூன்று மாதம் நிறையுமுன் யூலையில், தமிழர்மீது மூண்ட வன்செயலிற் கண்டியின் கடைத்தெருக்களும் எரிந்தன. அதனோடு விரிந்த போர் 2009 வரை நீடித்தது. அக் காலத்துத் துவக்குகளிற் பெரும்பாலானவை இந்நாட்டவர் பட்டறையிற் செய்தவையல்ல, வெளிநாட்டிலிருந்து வந்தவை.

லேவுக்கே திசாவையின் பீரங்கிக்கு வருவோம். ஒல்லாந்து ஆராய்ச்சியாளரும் இலங்கை அறிஞரும் கூடி ஆராய்ந்து, அது 1765இற் சூறையாடப்பட்டதென உறுதி செய்தனர். ஒல்லாந்து அரசு 2023 யூலையில் அதனை மீளக்கொடுக்கும் முடிவை அறிவித்தது. அவ்வாண்டு முடியுமுன் பீரங்கி கொழும்பை வந்தடைந்தது. அதனோடு வந்த ஐந்து பொருள்களாவன பொன்னாற் செய்த கஸ்தானை வாளொன்று, வெள்ளியாற் செய்த வாளொன்று, கத்தியொன்று, ‘மகா துவக்கு’ எனப்படும் மதிற்றுவக்குகள் இரண்டு. அவை கொழும்புத் தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டன. அவை செய்யப்பட்ட கண்டியிலிருந்து அந் நூதனசாலைக்குப் புகையிரதத்திற் சென்றால் மூன்று மணிநேரத்துக்குச் சிறிது மிகும். புகையிரதம் கடுகண்ணாவையைக் கடந்து இறங்கும்போது, போர்த்துக்கேயரும் கண்டியரும் மாறி மாறிப் பிடித்த பலனைக் கணவாயின் மேடு வலப்பக்கமோ இடப்பக்கமோ எனத் தேடுமாறு ஆசிரியர்கள் தம் மாணவர்க்குக் கூறலாம். கல்விச் சுற்றுலா அங்கிருந்தே தொடங்கிவிடும்.